ஒப்பந்தப்புள்ளிச் சட்டமும் கிராம சபையும்: தமிழக ஊராட்சிகளில் வெளிப்படைத்தன்மையின் எல்லை (1994–2019)

அரசுக் கொள்முதலை நெறிப்படுத்தத் தனிச்சட்டம் இயற்றிய முதல் இந்திய மாநிலம் தமிழ்நாடு. 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 2000ஆம் ஆண்டில் உரிய விதிகளுடன் நடைமுறைக்கு வந்தது. அரசுத் துறைகளோடு உள்ளாட்சி அமைப்புகளும் அதன் வரம்புக்குள் அடங்கின. உள்ளாட்சிகளில் அச்சட்டம் சந்தித்த இடர்ப்பாடுகளைப் பொறியாளர் பற்றாக்குறை, ஒப்பந்ததாரர்களின் கூட்டு, பணிகளைக் கூறுபோட்டு மதிப்பைக் குறைத்துக் காட்டுதல் ஆகியவற்றைக் கொண்டு விளக்குவது வழக்கம். அவை மெய்யே. எனினும் அவற்றுக்கு முற்பட்டதோர் இடைவெளி சட்டத்தின் அமைப்பிலேயே உள்ளது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

அரசமைப்பின் 73ஆவது திருத்தத்தைத் தொடர்ந்து இயற்றப்பட்ட தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994, கிராம சபைக்குச் சட்டத் தகுதி அளித்தது. ஊராட்சியின் திட்டங்களுக்கும் வரவுசெலவுத் திட்டத்திற்கும் ஒப்புதல் தருவதும், பணிகளின் முன்னேற்றத்தை ஆய்வதும் அதன் கடமைகளாயின. நான்காண்டுகள் கழித்து வந்த ஒப்பந்தப்புள்ளிச் சட்டமோ துறை அலுவலகத்தையே முன்மாதிரியாகக் கொண்டது. அதில் இடம்பெறுவோர் ஒப்பந்தப்புள்ளி கோருபவர், ஏற்பவர், புள்ளி அளிப்பவர் ஆகியோரே. ஏற்பு ஆணையால் பாதிக்கப்பட்ட ஒப்பந்தப்புள்ளியாளர் பத்து நாள்களுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். சாலை யாருக்காகப் போடப்படுகிறதோ அந்த ஊராருக்கு இம்மேல்முறையீட்டில் இடமில்லை. வெளிப்படைத்தன்மை என்பது போட்டியாளர்களுக்கிடையிலான நேர்மையாகச் சுருங்கிற்று.

காலக்கணக்கும் இவ்விடைவெளியைப் பெரிதாக்கியது. இரண்டு கோடி ரூபாய் வரையிலான ஒப்பந்தப்புள்ளிகளுக்கு 2000ஆம் ஆண்டு விதிகள் குறைந்தது 15 நாள் அவகாசம் வகுத்தன. கிராம சபையோ வழக்கமாக ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கூடியது. ஆகவே, அறிவிப்பு முதல் மேல்முறையீட்டுக் கெடு வரையிலான நடைமுறை முழுவதும் இரு கூட்டங்களுக்கு இடையிலேயே முடிந்துவிடக்கூடும். அடுத்த கூட்டத்தின் முன் வருவது முடிந்துபோன முடிவு மட்டுமே.

வேறு வழி இயலாததன்று என்பதற்கு 2005ஆம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் சான்று. அது ஒப்பந்ததாரர்களை விலக்கியதோடு, பணிகளின் சமூகத் தணிக்கையைக் கிராம சபையின் பொறுப்பாக்கியது. இதனால் ஒரே ஊராட்சியில் இருவகைப் பொறுப்புடைமைகள் அருகருகே நிலவின.

2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்தது. புதிய தேர்தல் நடைபெறவில்லை. பெரும்பாலான மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளில் 2019 டிசம்பர் வரை மன்றங்களின் அதிகாரங்களைத் தனி அலுவலர்களே செலுத்தினர். அக்காலத்தில் ஒப்பந்தப்புள்ளி நடைமுறையை நடத்திய நிர்வாகமும் அதைக் கண்காணிக்கவேண்டிய மன்றமும் ஒன்றாயின. எனினும் ஒப்பந்தப்புள்ளிச் சட்டத்தின் எழுத்து அதனால் மீறப்பட்டதாகாது. மன்றம் இல்லாமலும் அச்சட்டம் இயங்க முடிந்தது என்பதே கவனிக்கத்தக்கது.

ஒவ்வொரு புள்ளியையும் கிராம சபையின் முன் வைத்தால் பணிகள் தாமதமாகும் என்னும் மறுப்பு புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் மதிப்பீடு, ஏற்கப்பட்ட விலை, அளவீட்டுப் பதிவு ஆகியவற்றைப் பணி முடிவதற்கு முன்பே சபையில் படிக்கச் செய்வதற்கு விலைப்போட்டி தடையாகாது. மின்னணு ஒப்பந்தப்புள்ளி முறை போட்டியாளருக்குரிய வாயிலை அகலப்படுத்துகிறது. ஊராருக்குரிய வாயிலை ஊராட்சிகள் சட்டத்தின் வழியாகவே திறக்க வேண்டியுள்ளது.