ஜூஸ் டின் வானொலியும் மர வானொலியும்

சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருள், பயன்படுத்துவோரின் ரசனையைக் காட்டும் வடிவம் ஆகிய பேச்சுகள் இன்று கண்காட்சிகளிலும் பேரங்காடிகளிலும் தாராளமாகக் காதில் விழுகின்றன. புதிய நாகரிகம் போலத் தோன்றினாலும் இந்தப் பேச்சுக்கு ஏறக்குறைய அறுபது வயதாகிறது. அதன் தொடக்கக் கால அடையாளங்களுள் ஒன்று, குடித்து முடித்த ஒரு ஜூஸ் டின். அதன் கதை நம் அண்டை நாடான இந்தோனேசியாவோடு பிணைந்தது.

வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய வடிவமைப்பாளர் விக்டர் பப்பனெக். எழுத்தறிவும் மின்சாரமும் பேட்டரி வாங்கக் காசும் இல்லாத கிராமங்களுக்குச் செய்தி போய்ச் சேர வழி வேண்டும் என்று அமெரிக்க ராணுவத்தினர் தம்மை அணுகியதாக அவரே எழுதியிருக்கிறார். 1960களில் வட கரோலினா மாநிலக் கல்லூரியில் ஜார்ஜ் சீகருடன் சேர்ந்து அவர் ஒரு வானொலியை உருவாக்கினார்.

வீசி எறியப்படும் டின்தான் அதன் கூடு. உள்ளே மெழுகும் திரியும். இருவேறு உலோகங்கள் இணையும் இடத்தைச் சூடாக்கினால் சிறிதளவு மின்சாரம் பிறக்கும் அல்லவா? அந்த மின்சாரமே அதற்குப் போதும். மெழுகு தீர்ந்தால் காகிதம், காய்ந்த சாணம் என எரியக்கூடிய எதையும் போடலாம். நிலையத்தைத் தேடிப் பிடிக்கும் வசதி கிடையாது. காற்றில் வரும் எல்லா ஒலிபரப்பையும் ஒன்றாக வாங்கிவிடும். ஒரே ஒரு நிலையம் மட்டும் எட்டும் ஊரில் அது குறையே இல்லை. குடிசைத் தொழிலாகச் செய்தால் அடக்க விலை 9 அமெரிக்க சென் என்பது பப்பனெக்கின் கணக்கு.

ஜெர்மனியில் அக்காலத்தில் பெரும் புகழோடு விளங்கிய உல்ம் வடிவமைப்புக் கல்லூரியில் இதன் வண்ணப் படங்களை அவர் திரையிட்டுக் காட்டினார். பேராசிரியர்கள் எழுந்து வெளியேறினார்கள். மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பொருள் அழகாக இல்லை என்பதே பேராசிரியர்களின் கோபம். சாம்பல் நிறமாவது பூசலாமே என்ற யோசனையும் வந்தது. பப்பனெக் மறுத்துவிட்டார். சாயம் பூசினால் விலை ஏறும் என்பது ஒரு காரணம். வேறொரு பண்பாட்டைச் சேர்ந்த மக்களுக்கு எது அழகு என்று முடிவு செய்யத் தமக்கு உரிமை இல்லை என்பது அதைவிடப் பெரிய காரணம்.

அவருடைய 'டிசைன் ஃபார் த ரியல் வோர்ல்ட்' என்ற புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பு 1971இல் வெளிவந்தது. அதில் இந்த வானொலியின் படங்கள் இரண்டு உள்ளன. ஒன்று வெறும் டின். மற்றொன்றில் அதே டின்மீது வண்ணக் கம்பளித் துண்டுகளும் கடல் சிப்பிகளும் ஒட்டப்பட்டிருக்கின்றன. இந்தோனேசியப் பயனீட்டாளர் ஒருவர் செய்த அலங்காரம் என்று குறிப்பு சொல்கிறது. வடிவமைத்த இருவரின் பெயர்களும் அச்சாகியுள்ளன. சிப்பி ஒட்டியவரின் பெயர் இல்லை.

இந்தக் குறை சிறியதன்று. அதே உல்ம் கல்லூரியிலிருந்து தென் அமெரிக்கா சென்ற குய் பொன்சீபே 1970களில் பப்பனெக்கைக் கடுமையாக விமர்சித்தார். ஏழை நாடுகளுக்காக வெளியிலிருந்து வடிவமைப்பதே பழைய ஆதிக்கத்தின் இன்னொரு முகம், அந்நாடுகள் தங்கள் பொருள்களைத் தாங்களே உருவாக்கட்டும் என்பது அவர் வாதம். பப்பனெக்கின் நல்லெண்ணத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனாலும் வாதத்தில் பொன்சீபே பக்கமே நியாயம் கூடுதல் என்று சொல்லத்தான் வேண்டும்.

அதற்குப் பதில் போல மத்திய ஜாவாவிலிருந்து இன்னொரு வானொலி வந்தது. தெமாங்குங் வட்டாரத்தின் காண்டாங்கான் கிராமத்தில் பிறந்தவர் சிங்கி கார்த்தோனோ. பாண்டுங் தொழில்நுட்பக் கழகத்தில் படித்தபோது அவர் எடுத்துக்கொண்ட இறுதி ஆய்வுத் திட்டமே மரத்தாலான வானொலி. படித்தவர்கள் ஊரை விட்டுப் போவதுதான் எங்கும் வழக்கம். இவரோ ஊருக்குத் திரும்பிப் பட்டறை போட்டார். 2000களின் நடுப்பகுதியில் 'மாக்னோ' வானொலி அங்கே தயாரானது.

பைன், மகோகனி, சோனோகெலிங் போன்ற மரங்கள்தாம் மூலப்பொருள். சோனோகெலிங் என்பது வேறொன்றுமில்லை, தமிழில் ஈட்டி என்று சொல்லப்படும் மரமே. கிராமத்துக் கைகளே அறுத்து, இழைத்து, பொருத்துகின்றன. எடுத்த மரத்துக்கு ஈடாக நாற்று வளர்த்து நடுவதும் பட்டறையின் வேலையில் அடக்கம். வானொலியின் மீது வார்னிஷ் கிடையாது. வாங்கியவர்தான் அவ்வப்போது எண்ணெய் தடவித் துடைக்க வேண்டும். கை படப்பட மரம் நிறம் மாறும். ஒரு வீட்டு வானொலி போல இன்னொரு வீட்டு வானொலி இருக்காது. பார்த்துப் பார்த்துத் துடைத்த பொருளை யாரும் சட்டென்று குப்பையில் போடமாட்டார்கள் என்பது கார்த்தோனோவின் எண்ணம்.

2009இல் லண்டன் வடிவமைப்பு அருங்காட்சியகத்தின் ஆண்டு விருதுகளில், பொருள்களுக்கான பிரிவில் மாக்னோ முதலிடம் பெற்றது. ஆனால் அதை வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஜப்பான், ஐரோப்பா, அமெரிக்கா போன்ற வெளிநாட்டவர்கள். 9 சென் டின், செய்தவர் வெளியூர்க்காரர் என்றாலும் ஏழைக்கானது. மர வானொலி உள்ளூர்க்காரரின் கைவண்ணம். ஆனால் செய்த கிராமத்தார் எளிதில் வாங்கிவிடும் விலையில் இல்லை. இந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை.

கார்த்தோனோ 2013 வாக்கில் மூங்கிலின் பக்கம் திரும்பினார். ஊரைச் சுற்றிச் சும்மா வளர்ந்து கிடக்கும் மூங்கிலில் மிதிவண்டிச் சட்டம் செய்து, அதற்கு 'ஸ்பெடாகி' எனப் பெயரிட்டார். காலைநேர மிதிவண்டி என்ற பொருள் தரும் இந்தோனேசியச் சொற்களின் சுருக்கம் அது. 2022 ஜூன் மாதம் போகோர் அரண்மனைக்கு வந்த ஆஸ்திரேலியப் பிரதமர் அந்தோனி அல்பனீசும் அப்போதைய அதிபர் ஜோக்கோ விடோடோவும் அரண்மனைத் தோட்டத்தைச் சுற்றி வந்தது அந்த மூங்கில் மிதிவண்டிகளில்தான்.