சமாதான மனோதத்துவம்

சமாதான மனோதத்துவம் என்பது, மக்கள் கூட்டங்களுக்கிடையே பகைமை எவ்வாறு மூளுகிறது, எவ்வாறு அது பலாத்காரமாக முற்றுகிறது, எந்த நிலைமைகளில் தணிகிறது என்பவற்றை, மனத்தின் இயல்பையும் சமூகத்தின் அமைப்பையும் ஒருங்கே வைத்து ஆராயும் சாஸ்திரப் பிரிவு. 1990ஆம் ஆண்டில் அமெரிக்க மனோதத்துவச் சங்கம் அதனைத் தன் நாற்பத்தெட்டாம் பிரிவாக ஏற்றுக்கொண்டபோதே அதற்குத் தனித்துறை என்னும் ஸ்தானம் கிடைத்ததாயினும், அதன் வேர்கள் முதலாவது உலக யுத்தத்திற்கும் முற்பட்டவை. இத்துறையை வளர்த்தவர்களில் பலர் யுத்தத்தை ஏடுகளில் மட்டும் அறிந்தவர் அல்லர். பிறந்த ஊரை விட்டு அகதியாக ஓடியவரும், கைதியாகச் சிறைமுகாமில் கிடந்தவரும், குண்டு வீசும் விமானத்தில் பறந்தவரும், இறுதியில் துப்பாக்கிக்கு இரையானவரும் அவர்களுள் உண்டு. அவர்கள் எழுப்பிய வினாக்களில் காணப்படும் தீவிரம் அந்த அனுபவத்திலிருந்து பிறந்தது.

இத்துறையின் தொடக்கமாகப் பெரும்பாலோர் கொள்வது வில்லியம் ஜேம்ஸின் ஒரு பிரசங்கத்தை. 1906இல் கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் நிகழ்த்தப்பட்டு, அவர் காலமான 1910ஆம் ஆண்டில் அச்சேறிய அப்பிரசங்கத்தில், யுத்தத்தை வெறுப்போர் அதன் கொடுமைகளை மட்டும் எடுத்துரைப்பதால் பயன் விளையாது என்றும், தைரியம், கட்டுப்பாடு, தியாகம் ஆகிய குணங்களை மக்கள் யுத்தத்தோடு பிணைத்துப் போற்றும் வரையில் அதன் கவர்ச்சி மங்காது என்றும், ஆகையால் அக்குணங்களுக்கு வேறொரு களம் அமைத்துத் தரவேண்டும் என்றும் அவர் வாதித்தார். வாலிபர்களைச் சுரங்கங்களுக்கும் இருப்புப்பாதை வேலைக்கும் மீன்பிடி கப்பல்களுக்கும் சில ஆண்டுகள் கட்டாயமாக அனுப்புவது அவர் காட்டிய மார்க்கம். அந்த மார்க்கம் எங்கும் முழுமையாகக் கைக்கொள்ளப்படவில்லை. ஆனால், கண்டனம் ஒன்றே போதாது, காரணம் அறியப்பட வேண்டும் என்று முதன்முதலில் உணர்த்திய பெருமை ஜேம்ஸுக்கு உரியது. அவருக்குப் பின் வந்த மனோதத்துவிகள் வேறு வழியிற் சென்றனர். 1917இல் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியதும், ராபர்ட் யெர்க்ஸின் தலைமையில் அவர்கள் சுமார் 17 லட்சம் படைவீரர்களுக்கு அறிவுச் சோதனை நடத்தினர். மனோதத்துவம் பொதுமக்களிடத்தும் அரசாங்கத்திடத்தும் மதிப்புப் பெற்றது அந்தச் சேவையால்தான். சமாதானத்திற்கு உழைத்ததைக் காட்டிலும் யுத்தத்திற்கு உழைத்தே இந்த சாஸ்திரம் அதிகமாக வளர்ந்தது என்னும் உண்மை இவ்வரலாறு நெடுகிலும் கூடவே வரும்.

அதே யுத்தத்தில் பிரெஞ்சுப் படையோடு ஆம்புலன்ஸ் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார் லூயிஸ் பிரை ரிச்சர்ட்சன் என்னும் ஆங்கிலேயர். வானிலையைக் கணிதத்தால் முன்னறியும் முறையை வகுத்த விஞ்ஞானியாகிய அவர், ஆயுதம் ஏந்துவதைப் பாவமாகக் கருதும் குவேக்கர் சமயத்தவர். காயமுற்றவர்களைச் சுமந்து சென்ற காலத்திலேயே யுத்தத்தின் மனோதத்துவத்தைச் சமன்பாடுகளில் வடித்து, 1919இல் தம் சொந்தச் செலவில் அச்சிட்டு வெளியிட்டார். ஒரு தேசத்தின் ஆயுதப் பெருக்கம் எதிரியின் ஆயுதங்களைக் கண்டு எழும் அச்சத்தால் விரைவுபடுகிறது, தன் செலவின் பாரத்தால் தடைபடுகிறது, பழைய மனக்குறைகளால் தூண்டப்படுகிறது என்னும் மூன்று கூறுகளே அச்சமன்பாடுகளின் உள்ளடக்கம். 1920இல் வானிலை இலாகா விமானப்படை அமைச்சின் கீழ் வந்தபோது வேலையைத் துறந்த அவர், பின்னர் மனோதத்துவத்தில் முறையாகப் பட்டமும் பெற்று, வாழ்நாளின் எஞ்சிய பகுதியைப் போர்களைக் கணக்கெடுப்பதில் கழித்தார். தனி மனிதக் கொலை முதல் உலக யுத்தம் வரையில் எல்லாவற்றையும் மடிந்தோர் தொகையைக் கொண்டு ஒரே அளவுகோலில் வரிசைப்படுத்திய அவர், ஒரு தேசத்திற்கு எல்லைகள் மிகுந்தால் போர்களும் மிகும் என்றும், பொது மொழி இருப்பது சமாதானத்திற்கு உத்தரவாதம் ஆகாது என்றும் கண்டார். அவர் மறைந்தது 1953இல். அவருடைய இரு பெருநூல்களும் வெளியீட்டாளர் கிடைத்து முறையாக நூலுருப் பெற்றது 1960இல்.

1932ஆம் ஆண்டில் சர்வதேச சங்கத்தைச் சார்ந்த அறிவுத்துறை ஒத்துழைப்பு ஸ்தாபனத்தின் வேண்டுகோளுக்கிணங்க ஐன்ஸ்டீன், மனிதகுலத்தை யுத்தத்தினின்றும் விடுவிக்க வழியுண்டா என்று வியன்னாவிலிருந்த சிக்மண்ட் பிராய்டுக்கு எழுதிய கடிதமும், பிராய்டின் நீண்ட பதிலும் உலகப் பிரசித்தமானவை. அழிக்கும் உந்துதல் மனிதனுள் நிலையாக உறைகிறது என்று நம்பிய பிராய்டு, அதனை அடியோடு களைய இயலாதெனினும், மக்களைப் பாசத்தாற் பிணைக்கும் எதுவும் யுத்தத்திற்கு எதிராகவே வேலை செய்யும் என்று எழுதினார். 1933இல் பாரிஸில் அக்கடிதங்கள் பிரசுரமானபோது ஹிட்லர் ஆட்சிக்கு வந்துவிட்டான். ஜெர்மனியில் அந்நூலுக்கு இடமில்லாது போயிற்று. அவ்விருவரும் தத்தம் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது யாவரும் அறிந்ததே.

பிராய்டின் கொள்கையை அடுத்த தலைமுறையினர் ஏற்கவில்லை. சமூகப் பிரச்சினைகளை ஆராய்வதற்காக அமெரிக்காவில் 1936இல் தோன்றிய சங்கத்தைச் சேர்ந்தவர்கள், கார்டன் ஆல்போர்ட் முதலியோரின் முயற்சியால் 1945இல் ஓர் அறிக்கை தயாரித்து, யுத்தம் மனிதனோடு பிறப்பதில்லை, அவனுள் புகுத்தப்படுகிறது என்னும் கருத்தை இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட மனோதத்துவிகளின் கையொப்பத்தோடு வெளியிட்டனர். அதே ஆண்டில் உருவான யுனெஸ்கோவின் அமைப்பு விதிகளின் முகவுரையும், யுத்தங்கள் மனித மனங்களில் தொடங்குவதால் சமாதானத்தின் அரண்களையும் அங்கேயே எழுப்பவேண்டும் என்னும் கருத்தை மூலாதாரமாகக் கொண்டது. இந்த முகவுரை இந்தியாவில் ஒரு பலன் தந்தது. பிரிவினையின்போது நிகழ்ந்த கொலைகளுக்குப் பின், வகுப்புப் பகைமையின் காரணங்களை அறிய விரும்பிய இந்திய அரசாங்கத்தின் அழைப்பின் பேரில், யுனெஸ்கோவின் ஆலோசகராக கார்ட்னர் மர்பி 1950இல் இங்கு வந்தார். இந்திய ஆராய்ச்சியாளர்கள் பல நகரங்களில் நடத்திய விசாரணைகளைத் தொகுத்து அவர் 1953இல் வெளியிட்ட நூல், சமூகப் பகைமை பற்றி நம் நாட்டில் நடந்த முதல் விரிவான மனோதத்துவ ஆய்வுகளின் சாட்சியாக நிற்கிறது. பின்னர், கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிகளிடையே பி. எஸ். குஹா நடத்திய ஆய்வும் நூலாயிற்று.

1954ஆம் ஆண்டு இத்துறைக்கு முக்கியமானது. ஆல்போர்ட் எழுதிய பெருநூல் ஒன்று, பகைத்த இரு கூட்டத்தார் சமநிலையில் நின்று, பொதுவான நோக்கத்திற்காகக் கூடி உழைத்து, அதிகாரத்திலுள்ளோரின் ஆதரவையும் பெற்றிருந்தால், அவர்களது பழக்கம் துவேஷத்தைக் குறைக்கும் என்று கூறியது. அதே கோடையில் ஒக்லஹோமா மாகாணத்தில் ராபர்ஸ் கேவ் என்னும் காட்டுப்பகுதியில், துருக்கியில் பிறந்தவரும், சிறுவயதிலேயே ஸ்மிர்னாப் பிரதேசத்தில் கிரேக்கப் படை நிகழ்த்திய ஆக்கிரமிப்பைக் கண்டவருமான முசாபர் ஷெரீப், ஒரு சோதனை நடத்தினார். ஒருவரையொருவர் முன்பு அறியாத, ஒரே தரத்துக் குடும்பங்களைச் சேர்ந்த 22 சிறுவர்களை இரண்டு குழுவாக்கி, சில நாள் தனித்தனியே வாழச் செய்து, பிறகு பரிசுப் போட்டிகளில் மோதவிட்டார். கொடிகள் எரிக்கப்பட்டன, குடில்கள் சூறையாடப்பட்டன. இரு குழுவையும் ஒரே பந்தியில் அமர்த்தியபோது அவர்கள் உணவை வாரி ஒருவர்மீதொருவர் எறிந்தனர். பின்னர் முகாமின் தண்ணீர் நின்றதும், உணவு கொண்டுவர வேண்டிய லாரி கிளம்பாததும் ஆகிய சங்கடங்களை ஷெரீப் வேண்டுமென்றே உண்டாக்க, எந்த வடத்தைப் பிடித்து இழுபறிப் போட்டி நடத்தினார்களோ அதே வடத்தை லாரியிற் கட்டி இரு குழுவினரும் சேர்ந்து இழுத்தனர்; பகை சிறிது சிறிதாகத் தளர்ந்தது. வெறும் சந்திப்பு பயனற்றது, தனியே சாதிக்க இயலாத பொதுக் காரியமே பயனுடையது என்னும் முடிவுக்கு அவர் வந்தார். ஆனால் முந்தைய ஆண்டில் நியூயார்க் மாகாணத்தில் அவர் நடத்திய இத்தகைய முகாமில், முதலிலேயே நண்பர்களாகிவிட்ட சிறுவர்கள் பகைவராக மறுத்து, தங்களை மூட்டிவிடுவது பெரியவர்களே என்று சந்தேகித்ததால் சோதனையைக் கைவிட நேர்ந்தது. 2018இல் ஜீனா பெர்ரி என்னும் ஆஸ்திரேலிய எழுத்தாளர் அதன் விவரங்களை வெளிக்கொணரும் வரையில் அதைப்பற்றிப் பேசியவர்கள் சிலரே. வென்ற சோதனையோடு தோற்ற சோதனையையும் சேர்த்தே மாணவர்களுக்குப் போதித்தல் வேண்டும். பகையைத் தூண்டுவோரை இனங்கண்டு நட்பைக் காத்துக்கொண்ட அச்சிறுவர்களிடம் கற்கவேண்டியது குறைவன்று.

போலந்தில் யூதக் குடும்பத்தில் பிறந்து, பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, ஜெர்மானியரின் கைதியாகி, விடுதலை பெற்று வந்தபோது தம் குடும்பத்தார் அழிக்கப்பட்டிருக்கக் கண்ட ஹென்றி தாஜ்பெல், பகைக்குப் போட்டி அவசியமா என்று வினவினார். 1970ஐ ஒட்டி இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துப் பள்ளிச் சிறுவர்களை, கிளே, காண்டின்ஸ்கி என்னும் இரு ஓவியர்களுள் யாருடைய படத்தை விரும்பினர் என்பது போன்ற அற்பக் காரணம் சொல்லிப் பிரித்து, முகம் தெரியாத பிறருக்குப் பணம் பங்கிடச் செய்தார். தம் குழுவினருக்கு அதிகம் கிடைப்பதைக் காட்டிலும், எதிர்க் குழுவினரைவிட அதிகம் கிடைப்பதையே பலர் நாடியது ஆராய்ச்சியாளர்களைத் திகைக்க வைத்தது.

அணுகுண்டின் நிழலில் வல்லரசுகள் எதிர்நின்ற காலத்தில் ஆராய்ச்சி நேரே அரசியலை நோக்கித் திரும்பிற்று. மாஸ்கோவில் பிறந்து ருஷ்ய மொழி அறிந்திருந்த பிரான்பன்பிரென்னர் 1960இல் சோவியத் நாட்டில் சுற்றி மக்களோடு உரையாடியபோது, அமெரிக்கர் சோவியத்தைப் பற்றிச் சொல்வனவற்றையே அவர்கள் அமெரிக்காவைப் பற்றிச் சொல்லக் கேட்டார்: எதிரியே ஆக்கிரமிப்பாளர், எதிரியின் அரசாங்கம் தன் மக்களையே ஏய்க்கிறது, எதிரியை நம்பலாகாது என்று. 1962இல் சார்லஸ் ஆஸ்குட் வெளியிட்ட நூல் இதற்கு ஒரு பரிகாரம் கூறியது. ஒரு தேசம் தன் பாதுகாப்பு கெடாதபடி, முன்கூட்டி அறிவித்து, கைம்மாறு கேளாமல், சிறியதொரு சமாதானச் செயலைத் தானே செய்து, எதிரி பதிலளித்தால் அடுத்ததைச் செய்யவேண்டும் என்பது அது. மறுவருஷம் ஜூன் 10ஆம் தேதி ஜனாதிபதி கென்னடி, பிறர் நடத்தாத வரையில் வாயுமண்டலத்தில் அணுச் சோதனை நடத்துவதில்லை என்று அறிவித்ததும், ஆகஸ்டில் மாஸ்கோவில் சோதனைத் தடை ஒப்பந்தம் கையொப்பமானதும் அந்த முறைக்கு ஒத்தனவாயிருந்தன. கென்னடி ஆஸ்குடைப் பின்பற்றினார் என்று துணிந்து கூறுதல் மிகையாகும். ரால்ப் ஒயிட் என்பவர் வியட்நாம் யுத்தத்தை ஆராய்ந்து, எதிரியைப் பிசாசாகவும் தன்னைத் தர்மவானாகவும் காணும் பார்வையே தலைவர்களின் கண்ணை மறைத்தது என்று காட்டினார். இரண்டாவது உலக யுத்தத்தில் குண்டு வீசும் விமானத்தில் பணி செய்து திரும்பிய மார்ட்டன் டாய்ச், ஐக்கிய நாட்டுப் பாதுகாப்புச் சபையின் அங்கத்தினர் ஒத்துழைப்பார்களா, போட்டியிடுவார்களா என்ற கவலையிலிருந்து தம் ஆய்வைத் தொடங்கி, ஒத்துழைப்பும் போட்டியும் தத்தம் விளைவுகளாலேயே மேலும் வளர்வன என்று நிறுவினார்.

இவ்வறிவைச் சோதனைச் சாலையிலிருந்து வெளியே கொண்டுவந்தவர்களில் ஹெர்பர்ட் கெல்மனுக்குத் தனியிடம் உண்டு. நாஜிகளுக்கு அஞ்சி வியன்னாவை விட்டு வெளியேறிய அவர், ஹார்வர்டில் ஆசிரியராயிருந்து, 1971 முதல் இஸ்ரேலியரும் பாலஸ்தீனியருமான செல்வாக்குள்ள சிலரைத் தனியே அழைத்து, பத்திரிகையாளர் இல்லாத அறையில், பேரம் பேசாமல் ஒருவர் அச்சத்தை மற்றவர் அறியும்படி உரையாடச் செய்தார். அக்கூட்டங்களில் பங்கு கொண்ட பலர் 1993இல் முடிந்த ஆஸ்லோ உடன்படிக்கையின் காலத்துப் பேச்சுவார்த்தைகளில் இடம் பெற்றனர். அந்த உடன்படிக்கை நிலைக்கவில்லை. தலைமுறைகளாக நீளும் பகையில் அதனைச் சகிக்க உதவும் நம்பிக்கைகளே பகையை நீட்டிக்கின்றன என்று டெல் அவிவ் சர்வகலாசாலையின் டானியல் பார்-தால் பின்னர் விரிவாக எழுதினார்.

இவ்வாராய்ச்சிகளின் குறை ஒன்றுண்டு. இரு தரப்பாரும் சமபலமுடையவர் என்பதும், தவறான எண்ணம் திருந்தினால் பகை தீரும் என்பதும் அவற்றில் பெரும்பாலும் சொல்லாமலே கொள்ளப்பட்டவை. பட்டினியும் அடக்குமுறையும் உள்ள தேசத்தில் துப்பாக்கி ஓசை இல்லாமையைச் சமாதானம் எனலாமா என்று 1960களில் காசியிலுள்ள காந்திய ஆராய்ச்சி நிலையத்தின் சுகத தாஸ்குப்தா கேட்டார். தத்துவஞானி ஆர்னே நெஸ்ஸோடு சேர்ந்து 1955இல் காந்தியடிகளின் அரசியல் அறத்தைப் பற்றி நூல் எழுதியவரான நார்வே நாட்டு யோகான் கால்டுங், 1969இல் சமூக அமைப்பிலேயே உறையும் ஹிம்சையைப் பற்றி எழுதி அக்கேள்விக்குச் சித்தாந்த வடிவம் தந்தார்.

எல் சால்வடாரில் அது உயிரோடு விளையாடும் கேள்வியாயிற்று. ஸ்பெயினில் பிறந்து அந்நாட்டில் குடியேறிய யேசு சபைப் பாதிரியார் இக்னாசியோ மார்ட்டின்-பாரோ, உள்நாட்டு யுத்தத்தின் நடுவே, 1986இல் பொதுஜன அபிப்பிராய நிலையம் ஒன்றை நிறுவி, மக்கள் உண்மையில் எண்ணுவதும் அரசாங்கம் அவர்கள் எண்ணுவதாகச் சொல்வதும் வெவ்வேறு என்று புள்ளிவிவரங்களால் காட்டினார். யுத்தத்தின் காயம் தனி மனிதனுடைய நோயன்று, மக்களிடையே உள்ள உறவுகளில் விழுந்த காயம் என்பது அவர் கொள்கை. 1989 நவம்பர் 16ஆம் தேதி ராணுவத்தினர் அவரையும், அவருடைய சக பாதிரியார் ஐவரையும், சமையற்காரப் பெண்மணியையும், அவள் மகளையும் சர்வகலாசாலை வளாகத்திலேயே சுட்டுக் கொன்றனர். யுத்தம் மனிதனின் ஜன்ம சுபாவம் என்பது விஞ்ஞானத்திற்கு ஒவ்வாது என்று 1986இல் ஸ்பெயினின் செவில் நகரில் இருபது விஞ்ஞானிகள் எழுதிய பிரகடனத்தை யுனெஸ்கோ மகாசபை ஏற்றதும் அதே நாளில்தான்.

தமிழர் வாழ்விலும் இந்த வழியிற் சென்ற ஆராய்ச்சி உண்டு. யாழ்ப்பாணத்தில் உள்நாட்டு யுத்த காலத்தில் நோயாளர்களைக் கவனித்த மனநோய் வைத்தியர் தயா சோமசுந்தரம், 1998இல் வெளியான தம் ஆங்கில நூலிலும் அதற்கு முன்னும் பின்னும் எழுதியவற்றிலும், இடப்பெயர்வாலும் அச்சத்தாலும் குடும்பமும் கிராமமும் கொண்டிருந்த நம்பிக்கையே சிதைவதைச் சமுதாயம் முழுதின் மனவடுவாக விவரித்தார்.

தனித்துறையாகிய பின்னும் இத்துறைக்குச் சோதனை வந்தது. கைதிகளைக் கடுமையாக விசாரிப்பதில் மனோதத்துவிகள் ஈடுபட இடமளிக்கும்படி, அமெரிக்க மனோதத்துவச் சங்கத்தின் அதிகாரிகள் பாதுகாப்பு இலாகாவோடு ஒத்திசைந்து ஒழுக்க விதிகளைத் தளர்வாக வைத்திருந்தனர் என்று 2015இல் ஒரு விசாரணை அறிக்கை வெளிப்படுத்தியது. அதே ஆண்டில் சங்கம் அத்தகைய ஈடுபாட்டைத் தடை செய்தது; அத்தடை பல்லாண்டுகளுக்கு முன்பே வந்திருக்க வேண்டும்.

அண்மைக் கால ஆய்வுகள் அடக்கம் மிக்கவை. ஹங்கேரியில் நாஜிகளிடமிருந்து சிறுவயதில் தப்பிய எர்வின் ஸ்டாப், 1994இன் படுகொலைக்குப் பிந்திய ருவாண்டாவில், 2004 முதல் ஒலிபரப்பான நல்லிணக்க வானொலி நாடகத்திற்கு அடிப்படை வகுத்துதவினார். அதனைக் கேட்ட கிராமங்களையும் சுகாதார நாடகம் கேட்ட கிராமங்களையும் ஒப்பிட்டு எலிசபெத் பாலக் 2009இல் வெளியிட்ட ஆய்வில், மக்களின் சொந்த நம்பிக்கைகள் அதிகம் மாறவில்லை. ஊரில் எது தகும், எது தகாது என்பது பற்றிய எண்ணமும் நடத்தையுமே மாறியிருந்தன. ஆல்போர்ட்டின் கொள்கையை 515 ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் பெட்டிகுரூவும் டிராப்பும் உறுதி செய்தனராயினும், கண்டிப்பான சோதனை முறையில் நடந்தவை அவற்றுட் சிலவே. ஈராக்கில் தீவிரவாதிகளால் துரத்தப்பட்ட கிறிஸ்தவர்களின் கால்பந்துக் குழுக்கள் சிலவற்றில் முஸ்லிம் ஆட்டக்காரர்களைச் சேர்த்து சல்மா மூஸா நடத்தி 2020இல் வெளியிட்ட சோதனை அத்தகையது. அவ்வாறு சேர்ந்தாடிய கிறிஸ்தவர்கள் எதிரணி முஸ்லிமுக்கும் நற்பண்புப் பரிசு கிடைக்க மற்றவர்களைவிட அதிகமாக வாக்களித்தனர்; ஆறு மாதங்களுக்குப் பிறகும் முஸ்லிம்களோடு அதிகமாகப் பயிற்சி செய்தனர்; ஆயினும் முஸ்லிம்கள் மிகுந்த மோசூல் நகரத்து உணவகத்திற்குச் செல்வதில் அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் சொல்லத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. மைதானத்தில் பிறந்த நம்பிக்கை ஊருக்குள் ஏன் வரவில்லை என்பதே இன்று இத்துறையினர் பலர் ஆராய்ந்துவரும் பொருள்.