எது வரைக்கும்?

விருத்தாசலம்னு சொன்னா பீங்கான் பொம்மை, அகல் விளக்கு, பழமலைநாதர் கோவில்... இவ்வளவுதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். ஆப்பிரிக்கக் கச்சேரிக்கும் எங்க ஊர்ப்பக்கத்துக்கும் சம்பந்தம் இருக்குன்னா சிரிப்பீங்க. கொஞ்சம் பொறுங்க மக்களே.

மமாது கோன்டே என்று ஒருவர். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிழைப்புக்காக பாரிஸ் போன தொழிலாளி. தன்னைப் போல வந்தவர்களின் உரிமைக்காகப் போராடியவர். 1978-ல் அங்கே 'ஆஃப்ரிகா ஃபெத்' என்ற இசை விழாவைத் தொடங்கினார். ஃபெத் என்றால் பிரெஞ்சில் திருவிழா. 1990-களில் அது அமெரிக்காவிலும் ஊர் ஊராகச் சுற்றியது. செனகலின் பாபா மால், மாலியின் ஊமு சங்காரே, நைஜீரியாவின் ஃபெமி குட்டி எல்லாம் ஒரே மேடையில்!

அந்தப் பயணத்தில் ரீயூனியன் தீவிலிருந்து ஒரு குழுவும் போனது. பெயர் 'ஸிஸ்காகான்'. தலைவர் கில்பர்ட் பூனியா. தமிழ் வம்சாவளி!

இங்கதான் நம்ம கதை வருது. ரீயூனியனில் 1848-ல் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே? புதுச்சேரி, காரைக்காலில் இருந்து கப்பல் கப்பலாகத் தமிழர்களை ஏற்றினார்கள். புதுச்சேரியைச் சுற்றி இருந்தது அன்றைய தென்னாற்காடு மாவட்டம். விருத்தாசலமும் அதில்தான். எங்க பக்கத்து ஜனங்களும் அதுல ஏறியிருப்பாங்க.

போன இடத்தில் தமிழ்ப் பேச்சு மெல்ல மெல்லக் கரைந்தது. கோவிலும் தீமிதியும் நிலைத்து நின்றன. ஆப்பிரிக்க, மடகாஸ்கர் அடிமைகளின் பாட்டான 'மலோயா' இவர்களுக்கும் சொந்தமானது. அதில் குலுக்கி வாசிக்கும் 'கயாம்ப்', கரும்புப் பூவின் தண்டில் செய்து உள்ளே விதை போட்டது. வெட்டின கரும்பே வாத்தியம் ஆயிடுச்சு பாருங்க!

1981 வரை அதிகாரிகள் மலோயாவை அடக்கியே வைத்திருந்தார்கள். அந்த நேரத்தில், 1979-ல் பிறந்த குழு ஸிஸ்காகான். கிரியோல் மொழியில் அந்தப் பெயருக்கு அர்த்தம், 'எது வரைக்கும்?'. 2009-ல் யுனெஸ்கோ மலோயாவுக்கு அங்கீகாரம் கொடுத்தது.

'தமிழன்டா'ன்னு தலைப்பு வைக்கத்தான் முதல்ல நினைச்சேன். கை வரல. அவர் பாடுவது கிரியோலில். அந்த மேடையை அவருக்குக் கொடுத்தது, கூடவே கரும்பு வெட்டினவங்களோட பாட்டு. கப்பல் ஏறினவங்க பேரைக்கூட நாம ஞாபகம் வச்சுக்கலையே, உரிமை கொண்டாட மட்டும் ஓடினா எப்படி?

உங்க வீட்லயும் 'கப்பலேறிப் போனவர் திரும்பலை'ன்னு ஒரு கதை இருக்கலாம். பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதி வைங்க. எது வரைக்கும் தள்ளிப் போடுவீங்க?