படிக மின்கலமும் 'இலவச ஆற்றல்' வாதமும்

முன்னுரை

எப்சம் உப்பையோ படிகாரத்தையோ உருக்கிச் செப்புக் குழாய்க்குள் ஊற்றி, நடுவே ஒரு மக்னீசியம் தண்டைச் செருகி ஆறவிட்டால் படிக மின்கலம் தயார். மல்டிமீட்டர் ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டும்; சிறிய எல்.ஈ.டி. விளக்கு மாதக்கணக்கில் ஒளிரும். திரவமும் இல்லை, மின்னேற்றமும் செய்யவில்லை. ஆகவே படிகம் சுற்றுப்புறத்திலிருந்து ஆற்றலை ஈர்க்கிறது, அது தீராதது என்று இதைச் செய்வோரில் ஒரு சாரார் வாதிடுகின்றனர். மின்கலம் மெய், வாதம் பிழை என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆற்றல் வருமிடம்

மக்னீசியத்தின் திட்ட மின்முனை அழுத்தம் -2.37 வோல்ட், செம்பினுடையது +0.34 வோல்ட். இந்த வேறுபாடே மின்னோட்டத்தை உந்துகிறது. படிகம் அயனிகளுக்கு வழிவிடும் ஊடகம் மட்டுமே. அது உலர்ந்ததாகத் தோன்றினாலும் எப்சம் உப்பின் எடையில் சுமார் 51 விழுக்காடும், படிகாரத்தின் எடையில் சுமார் 46 விழுக்காடும் படிக நீர். உருக்கும்போது உப்பு தன் நீரிலேயே கரைகிறது. இறுகிய பின்னும் எஞ்சும் ஈரம் அயனிகள் நகரப் போதுமானது.

படிகங்களின் அழுத்த மின்விளைவைச் சான்று காட்டுவோரும் உண்டு. 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்த அவ்விளைவு, அழுத்தம் மாறும்போது மட்டுமே மின்னூட்டத்தைப் பெயர்க்கும். மேசைமேல் அசையாதிருக்கும் படிகத்திலிருந்து தொடர்ந்த நேர்மின்னோட்டம் அதனால் வராது.

நீடித்து எரிவதன் காரணம்

இவ்வாதத்தின் வலுவான சான்று, விளக்கு நெடுநாள் எரிவதுதான். ஃபாரடே விதிப்படி ஒரு கிராம் மக்னீசியம் முழுதும் கரைந்தால் 2.2 ஆம்பியர் மணி மின்னூட்டம் தரும். மங்கலாக மினுக்கும் விளக்குச் சுற்று 50 மைக்ரோ ஆம்பியர் எடுத்தால், அந்த ஒரு கிராம் 44,000 மணி நேரத்துக்கு, அதாவது ஐந்தாண்டுகளுக்குப் போதும். உலோகம் தானாகவும் அரிபடுவதால் நடைமுறையில் காலம் குறையும். ஆயினும் பல கிராம் எடையுள்ள தண்டு ஆண்டுக்கணக்கில் உழைப்பதில் வியப்பில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் 1840இல் நிறுவப்பட்ட உலர் மின்னடுக்கு மணி இன்றளவும் ஒலிப்பதற்கும் மிகச் சிறிய மின்னோட்டமே காரணம். அதை எவரும் முடிவிலா ஆற்றல் என்று கொள்வதில்லை.

பழைய விவாதம்

இது புதிய பூசலும் அன்று. 1800இல் மின்னடுக்கை அறிவித்த வோல்ட்டா, வேறுபட்ட உலோகங்களின் தொடுகையே மின்சாரத்தைத் தோற்றுவிக்கிறது என்றார். வெறும் தொடுகை போதுமென்றால் எதுவும் செலவாகாமல் ஆற்றல் பிறக்க வேண்டும், அப்படியொன்று இயற்கையில் இல்லை என்று 1840இல் ஃபாரடே மறுத்தார். இன்றைய படிக வாதம் தொடுகையின் இடத்தில் படிகத்தை வைக்கிறது. ஃபாரடேயின் மறுப்பு இதற்கும் அப்படியே பொருந்தும்.

சோதிக்கும் முறை

மின்னழுத்த அளவு எதையும் மெய்ப்பிக்காது. 10 மெகா ஓம் உள்தடை கொண்ட மல்டிமீட்டர், 1.5 வோல்ட் மின்கலத்திலிருந்து இழுப்பது 0.15 மைக்ரோ ஆம்பியர்தான். இரண்டு சோதனைகள் தேவை. முதலாவது, இரு மின்முனைகளையும் செம்பிலேயே அமைப்பது: ஆற்றல் படிகத்திலிருந்து வருவதானால் அப்போதும் மின்னோட்டம் நீடிக்க வேண்டும். இரண்டாவது, மக்னீசியத்தை முன்னும் பின்னும் எடை போட்டு, வெளியேறிய மொத்த மின்னூட்டத்தோடு ஒப்பிடுவது: கிராமுக்கு 2.2 ஆம்பியர் மணி என்ற வரம்பைக் கடந்தால் மட்டுமே வேறொரு மூலத்தைத் தேட வேண்டும்.

முடிவுரை

ஒரு கிலோ மக்னீசியத்தை மின்பகுப்பால் பிரித்தெடுக்க 10 கிலோவாட் மணிக்கு மேல் செலவாகிறது, 1.5 வோல்ட்டில் இயங்கும் மின்கலம் அதிலிருந்து மீட்பது அதிகபட்சம் 3.3 கிலோவாட் மணி. படிக மின்கலம் தருவது, ஆலையில் முன்பே செலவிட்ட ஆற்றலின் ஒரு பகுதியே. மின்வேதியியலைக் கற்பிக்க இதைவிட எளிய கருவி அரிது. ஆசிரியர்கள் இதை வகுப்பறைக்குக் கொண்டுவர வேண்டும். உடன் ஒரு தராசையும் வைக்க வேண்டும்.