மக்கள் மொழியில் நீதி

மயிலத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து நிலவழக்கிற்காகத் திண்டிவனம் நீதிமன்றத்திற்கு நடையாய் நடப்போரை நாம் அறிவோம். வழக்கு மேல்முறையீடாகச் சென்னை உயர்நீதிமன்றம் சென்றுவிட்டால் தீர்ப்பு ஆங்கிலத்தில் வருகிறது. அத்தாளைப் பங்குக் குருவிடம் நீட்டி, "சாமி, இது எனக்குச் சாதகமா, பாதகமா?" என்று கேட்கும் முதியவரைக் காணும்போதெல்லாம் நம் திருச்சபையின் மைந்தர் ஒருவர் நினைவுக்கு வருகிறார்.

மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை 1826-ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும், பின்னர் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றினார். 1857-இல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். பிறகு சீர்காழியிலும், 1872 வரை மாயூரத்திலும் நீதி வழங்கினார். முன்சீப் பதவி நீதித்துறையின் கீழ்ப்படியே. ஆயினும் உரிமையியல் வழக்கில் ஏழை முதலில் காணும் நீதிபதி அவரே.

அந்நாளில் சென்னை மாகாணத்தின் உயர்ந்த முறையீட்டு மன்றம் சதர் அதாலத். 1862-இல் அதன் இடத்தில் உயர்நீதிமன்றம் அமைந்தது. அதே ஆண்டில், 1805 முதல் 1861 வரை சதர் அதாலத் வழங்கிய தீர்ப்புகளைத் தமிழாக்கித் தொகுத்துச் 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் நூலாக அவர் வெளியிட்டார். மேலே சொல்லப்பட்ட தீர்ப்பு கீழே இருப்பவனுக்கும் விளங்கவேண்டும் என்பதே இப்பணியின் உட்பொருள். 1879-இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' நாவலிலும், தமிழ் வழக்கறிஞர்கள் தமிழர் வழக்கை ஆங்கிலத்தில் வாதாடும் பொருந்தாமையை அவர் இடித்துரைத்தார்.

சொல்லோடு அவர் நின்றுவிடவில்லை. 1876 முதல் 1878 வரை நிலவிய கொடும் பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோருக்கு உணவளித்தார். கோபாலகிருஷ்ண பாரதியார் அவ்வள்ளன்மையைப் போற்றிப் பாடினார். 1889-இல் அவர் இறைவனடி சேர்ந்தார்.

இன்று கீழமை நீதிமன்றங்களில் தமிழ் வழங்குகிறது. உயர்நீதிமன்றத்திலும் அது ஒலிக்கவேண்டும் என 2006-இல் நம் சட்டமன்றம் தீர்மானித்தது. அது இன்னும் நிறைவேறவில்லை. எனினும் உச்ச நீதிமன்றம் 2019 முதல் தன் தீர்ப்புகள் பலவற்றின் தமிழாக்கத்தை வெளியிட்டு வருகிறது.

பெந்தகோஸ்து நாளில் ஒவ்வொருவரும் தத்தம் மொழியிலேயே நற்செய்தியைக் கேட்டனர். தூய ஆவியார் எளியோரை மொழி கற்று வருமாறு பணிக்கவில்லை. அவர்களுடைய மொழிக்குத் தாமே இறங்கி வந்தார். நம் பங்குகளில் சட்டம் பயின்ற இளைஞர் இருக்கின்றனர். மாதம் ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்தபின், அம்முதியவரின் தாளை அவருக்குத் தமிழில் படித்துச் சொல்ல அவர்கள் முன்வருவார்களா? வேதநாயகருக்கு நாம் எழுப்பக்கூடிய நினைவுச்சின்னம் அதுவே.