குடியாத்தத்தில் காமராசரின் நடுவழி



இடைத்தேர்தல் வந்தால் வேட்பாளர்கள் எல்லாருக்கும் வேண்டியவராக மாறிவிடுகிறார்கள் என்று நம்மூர்க் கடைத்தெருவில் கேலி பேசுவோம். நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் இத்தகையவரை 'மொதெரே' என்பார்கள். தமிழில் மிதவாதி. அது வேடமா, மெய்யா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு 1954ஆம் ஆண்டுக் குடியாத்தம் இடைத்தேர்தல் நினைவுக்கு வரும். அப்போது நான் விவரம் அறியாத பிள்ளை. அப்பா திண்ணையில் சொல்லக் கேட்டதும், பிற்பாடு படித்ததும்தான்.

1953இல் முதலமைச்சர் ராஜாஜி ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தார். ஆரம்பப் பள்ளியில் பாடம் மூன்று மணி நேரம்தான். மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்க வேண்டும். எதிர்த்தவர்கள் அதைக் குலக்கல்வி என்றார்கள். உப்பளத்துக் கூலியின் பிள்ளை உப்பளத்துக்கே போக வேண்டுமா என்பதுதான் கேள்வி. காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு முற்றியது, ராஜாஜி விலகினார். 1954 மார்ச் 30 அன்று நடந்த கட்சித் தலைவர் தேர்தலில் காமராசர் 93 வாக்குகள் பெற்றார். எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்துக்கு 41. ஏப்ரல் 13இல் காமராசர் முதலமைச்சரானார்.

அப்போது அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களவை உறுப்பினர். ஆறு மாதத்துக்குள் சட்டமன்றத்திலோ மேலவையிலோ இடம்பெற வேண்டும். ராஜாஜி 1952இல் மேலவை நியமனம் பெற்று வந்தவர். காமராசரோ வட ஆர்க்காட்டின் குடியாத்தத்தில் மக்களிடமே வாக்குக் கேட்கப் போனார். எதிரே கம்யூனிஸ்ட் வேட்பாளர் கோதண்டராமன்.

சங்கடம் எதிரியால் மட்டும் வரவில்லை, ஆதரவாளர்களாலும் வந்தது. முந்தின ஆண்டுதான் பிள்ளையார் சிலைகளை உடைத்த பெரியார், காமராசரை ஆதரித்தார். திராவிட நாடு கேட்ட அண்ணாவின் கழகமும் ஆதரித்தது. அதைக் கண்டு கதர்ச்சட்டைக்காரர்களும் ராஜாஜியின் அன்பர்களும் மிரளாமல் இருப்பார்களா? ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கம் போகும்.

காமராசர் இதைப் பேச்சால் சமாளிக்கவில்லை. தம்மை எதிர்த்து நின்ற சுப்பிரமணியத்தையும், அவர் பக்கம் நின்ற பக்தவத்சலத்தையும் எட்டுப் பேர் அமைச்சரவையில் வைத்துக்கொண்டார். சுப்பிரமணியத்துக்குக் கல்வித்துறை! தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த பரமேசுவரனிடம் இந்து அறநிலையத்துறையைக் கொடுத்தார். ராமநாதபுரம் ராஜா ஒரு பக்கம். வன்னியர் தலைவர்களான மாணிக்கவேலு நாயக்கரும் நம் தென் ஆர்க்காட்டின் ராமசாமி படையாட்சியும் ஒரு பக்கம். மே 18இல் கல்வித் திட்டம் கைவிடப்பட்டது. திராவிட நாட்டுக்கு மட்டும் அவர் தலையாட்டவில்லை. ஆதரவை வாங்கிக்கொண்டார், கொள்கையை வாங்கவில்லை. குடியாத்தத்தில் ஜெயித்தார்.

இதெல்லாம் ஓட்டுக்காகத்தானே என்று கேட்கலாம். நானும் கேட்டிருக்கிறேன். அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த எனக்கு ஒரு பழக்கம் உண்டு. உத்தரவு போட்ட நாளை விட, அது நிறைவேறிய நாளைத்தான் கோப்பில் தேடுவேன். குடியாத்தத்தில் ஜெயித்த பின் காமராசர் மறந்துவிட்டாரா? 1956இல் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது. ஊர் ஊராகப் பள்ளிகள் திறந்தன. ஓட்டு வாங்கி முடித்த பிறகும் அதே வழியில் நடந்தார். என் கணக்கில் அதுதான் மெய்.

அதற்காக அரசியல் அவருக்கு நன்றி காட்டவில்லை. 1957 பொதுத்தேர்தலில் தி.மு.க. காங்கிரசை எதிர்த்து நின்று 15 இடங்கள் பெற்றது. 1967இல் ராஜாஜியும் அண்ணாவும் ஓரணியில் நின்றார்கள். காமராசர் சொந்த ஊரான விருதுநகரிலேயே மாணவர் தலைவர் சீனிவாசனிடம் தோற்றார். 1969இல் அவரை மறுபடி மக்களவைக்கு அனுப்பியதும் ஓர் இடைத்தேர்தல்தான், நாகர்கோவிலில்.

நடுவில் நிற்பவனுக்கு இரு பக்கமும் அடி விழும் என்பார் அப்பா. மத்தளத்துக்கும் அப்படித்தான். ஆனால் அது இல்லாமல் கச்சேரி ஏது? இனி ஓட்டுக் கேட்டு வருகிறவர் எல்லாருக்கும் பொதுவானவன் என்று சொன்னால், சென்ற முறை ஜெயித்த மறுநாள் என்ன செய்தார் என்று கேட்டுப் பாருங்கள்.