எஞ்சின் கழுவிய திரவங்களின் கதை

பிரித்துப் போட்ட எஞ்சின் பார்க்கவே சகிக்காது. பிஸ்டன் தலையில் கரி, வால்வுகளில் பிசின், கிராங்க் கேஸ் அடியில் தார் போல உறைந்த ஆயில்... இதையெல்லாம் கழுவாமல் திரும்பப் பூட்டினால், ஆயில் போகும் சின்னத் துளைகள் அடைத்துக்கொண்டு புது பேரிங்கும் வீணாகிவிடும். அதனால் கழுவும் வேலை எஞ்சினோடு சேர்ந்தே பிறந்தது. ஆனால் எதில் கழுவுவது? இந்தக் கேள்விக்கு விடை தேடியே ஒரு நூற்றாண்டு போய்விட்டது!

முதலில் கைக்கு எட்டியது பெட்ரோல். டேங்கிலேயே இருக்கிறது, கிரீஸை நொடியில் கரைக்கிறது, தானே காய்ந்தும் விடுகிறது. ஆனால் சுமார் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் குளிரில்கூட அது தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து போய் தூரத்தில் எரியும் அடுப்பைத் தொட்டாலும் போதும், நெருப்பு திரும்பி ஓடி வந்துவிடும். 1923ல் அமெரிக்காவில் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலக்கத் தொடங்கியபின் இன்னொரு ஆபத்தும் சேர்ந்தது. அந்த ஈயம் தோல் வழியாகவே உடலுக்குள் போகக்கூடியது. இந்தியாவில் ஈயப் பெட்ரோல் 2000ஆம் ஆண்டுதான் நிறுத்தப்பட்டது. அதுவரை வெறுங்கையால் பெட்ரோலில் பாகம் கழுவிய மெக்கானிக்குகள் எத்தனை பேரோ!

தீ பயத்துக்கு ஒரு நல்ல விடை சலவைத் தொழிலிலிருந்து வந்தது. அங்கேயும் துணியை பெட்ரோலில் வெளுத்து, தீ விபத்துகள் நடந்துகொண்டிருந்தன. 1920களில் அட்லாண்டா நகரச் சலவைக்காரர் ஸ்டாடர்டும் மெல்லன் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து, 38 டிகிரிக்குக் கீழே தீப்பற்றாத ஒரு பெட்ரோலியக் கரைப்பானுக்கு அளவுகோல் வகுத்தார்கள். 1928ல் அது அமெரிக்காவின் வணிகத் தரமானது. 'ஸ்டாடர்ட் கரைப்பான்' என்ற பெயரில் மெக்கானிக் ஷாப்புகளுக்கும் வந்தது. நம் ஊர் ஷாப்புகளில் இதே வேலையை மண்ணெண்ணெய் செய்தது.

எரியவே எரியாத திரவம் கிடைத்தால்? அந்த ஆசையில் வந்தது கார்பன் டெட்ராகுளோரைடு. இது தீயணைப்பான்களிலேயே நிரப்பப்பட்ட திரவம், தீ பற்ற வழியே இல்லை. ஆனால் அதன் ஆவி கல்லீரலையும் சிறுநீரகத்தையும் அரித்தது. மது குடிப்பவர்களை இன்னும் மோசமாகத் தாக்கியது. சூடான உலோகத்தில் பட்டால் பாஸ்ஜீனாக மாறியது. முதல் உலகப் போரில் வீரர்களைக் கொன்ற அதே விஷவாயு! 1970ல் அமெரிக்கா வீட்டு உபயோகத்துக்கு அதைத் தடை செய்தது.

அடுத்தது டிரைகுளோரோஎத்திலீன். தொட்டியில் இதைக் கொதிக்க வைத்து, அந்த ஆவியில் பாகங்களைத் தொங்கவிட்டால் கிரீஸ் தானே வழிந்துவிடும். தொழிற்சாலைகள் கொண்டாடின. ஆனால் 2012ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு மையம் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதி செய்தது. இதற்கு மாற்றாக வந்த டிரைகுளோரோஈத்தேன் விஷம் குறைந்தது, ஆனால் ஓசோன் படலத்தை ஓட்டை போட்டது. 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் 1990ல் செய்த திருத்தம், இதையும் கார்பன் டெட்ராகுளோரைடையும் ஒழிக்க வழி செய்தது.

கடைசியில் தொழில் எங்கே வந்து நின்றது தெரியுமா? சூடான தண்ணீர், சோப்பு, பிரஷ்! இதுவும் புதிதல்ல. வார்ப்பிரும்பு பிளாக்குகளை காஸ்டிக் சோடாத் தண்ணீரில் வேகவைத்துக் கழுவும் வழக்கம் முன்பே இருந்தது. ஆனால் பிஸ்டனும் சிலிண்டர் ஹெட்டும் அலுமினியமாக மாறியபின் அதற்குச் சிக்கல் வந்தது. காஸ்டிக் சோடா அலுமினியத்தையே கரைத்து, ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றும்.

இந்தக் கதையில் ஒரு ஒழுங்கு தெரிகிறது. கண்ணுக்குத் தெரிந்த ஆபத்து நெருப்பு. அதை விரட்ட வந்தவை கண்ணுக்குத் தெரியாத ஆபத்தைக் கொண்டுவந்தன. ஒவ்வொரு முறையும் விலை கொடுத்தது கழுவியவரின் உடம்பு.

அவர்கள் விலை கொடுத்துக் கற்ற பாடம், இன்று வீட்டில் பைக் எஞ்சினைப் பிரிப்பவருக்கு இலவசம். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். மண்ணெண்ணெயும் 40 டிகிரி சித்திரை வெயிலில் பாதுகாப்பானது அல்ல. நிழலில், திறந்த வெளியில், அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில்தான். கைக்கு நைட்ரைல் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. குளோரின் கலந்த ஸ்பிரே அடித்த பாகத்தில் வெல்டிங் கூடாது. அலுமினியத்துக்கு காஸ்டிக் கூடாது. சோப்புத் தண்ணீரில் கழுவிய இரும்பை உடனே துடைத்து ஆயில் பூச வேண்டும், இல்லாவிட்டால் சீக்கிரமே துரு பிடிக்கும். நனைந்த துணிகளை மூடியுள்ள தகர டப்பாவில் போட வேண்டும். மிஞ்சிய அழுக்குத் திரவத்தைச் சாக்கடையில் ஊற்றக்கூடாது; பழைய ஆயில் வாங்குபவரிடம் கேட்டுத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

எஞ்சின் பாகம் கெட்டால் கடையில் வேறு வாங்கலாம். கல்லீரலுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடை இல்லை!